இறுக்கினால் மட்டும் போதாது: கழன்ற நட்டுகள் கற்றுத்தந்த வியாபாரப் பாடம்

ஒரே வாடிக்கையாளர் ஒரே குறைபாட்டோடு மூன்று தடவை நமது கடைக்கு வந்தால், குறை அவருடைய வாகனத்தில் மட்டும் இல்லை. நமது வியாபாரத்திலும் இருக்கிறது. முந்தலில் கொழும்பு–புத்தளம் வீதியோரமாகச் சிறியதொரு வாகன உதிரிப்பாகக் கடை நடத்திவரும் எனக்கு இதை உணர்த்தியவை ஒரு காரின் சில்லு நட்டுகள்தாம்.

விருதோடையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் பழைய டொயோட்டா கொரோல்லா 121 கார் ஒன்றில் துணிமணிகளை ஏற்றிச் சென்று ஊர் ஊராக விற்பவர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் அவரைப் போன்ற பலரும் இருக்கிற வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். எம்மைப் போன்ற உதிரிப்பாகக் கடைகளுக்கு வியாபாரம் கூடியதும் அதனால்தான்.

அவர் எங்கோ மலிவாகக் கிடைத்த அகலமான அலோய் ரிம் நான்கைப் பூட்டியிருந்தார். டயர் உட்பக்கமாக உரசியது. "நானா, சில்லைக் கொஞ்சம் வெளியே தள்ள ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். 20 மி.மீ. ஸ்பேசர் நான்கை எடுத்துக் கொடுத்தேன். எந்தக் கார், எந்த ரிம் என்று நான் விபரம் கேட்கவில்லை. நான்கு ஓட்டையும் பொருந்துகிறது, அது போதும் என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் வந்தார். நட்டுகள் இளகுகின்றனவாம். புதிய நட்டு ஒரு செட் விற்றேன். பத்து நாளில் மறுபடியும் வந்தார். இம்முறை ஸ்பிரிங் வாஷரும் நட்டில் பூசும் பசையும் விற்றேன். மூன்றாவது தடவை அவர் வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது. மனைவி பிள்ளைகளோடு சிலாபத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்டியரிங் உதறியிருக்கிறது. இறங்கிப் பார்த்தால் இடப்பக்கப் பின்சில்லில் நான்கு நட்டுகளில் இரண்டு இல்லை. மிச்சம் இரண்டும் கையால் சுழன்றன. அல்லாஹ் காப்பாற்றினான்.

அன்று நான் கல்லாவை விட்டு எழுந்து, பக்கத்து கராஜ் பாஸையும் அழைத்து, சில்லைக் கழற்றிப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.

ரிம்மின் பின்பக்கத்தில் நான்கு இடங்களில் பளபளவென்று குழி விழுந்திருந்தது. காரின் சொந்த ஸ்டட்டுகள் 20 மி.மீ. ஸ்பேசரைத் தாண்டி சில மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இடம் கொடுக்கும் பள்ளம் அந்த ரிம்மில் இருக்கவில்லை. எனவே ரிம் ஸ்பேசரின் முகத்தில் உட்காரவே இல்லை. நான்கு ஸ்டட் நுனிகளின் மேல் நின்றது. நட்டை இறுக்கும்போது இறுகியது போலத் தெரியும். ஓட ஓட நுனிகள் அலுமினியத்துக்குள் புதையும். இறுக்கம் போய்விடும்.

இரண்டாவது குறை, ஸ்பேசரின் நடுத்துளை 60 மி.மீ. அளவு, காரின் ஹப் 54.1 மி.மீ. ஸ்பேசர் ஹப்பில் மையமாக உட்காராமல் ஸ்டட்டுகளில் தொங்கியது. மூன்றாவது, டொயோட்டாவின் அலோய் ரிம்மோடு வரும் நட்டுகள் பலவற்றுக்குத் தட்டையான வாஷர் அடி இருக்கும். அவர் வாங்கிய ரிம்மில் இருந்ததோ கூம்பு வடிவ இருக்கை. தட்டை அடியைக் கூம்புக்குள் வைத்தால் விளிம்பு மட்டுமே தொடும். நான்காவது, நமது கரையோரத்து உப்புக் காற்று. ஹப் முகத்தில் துருப் பொருக்கு ஏறியிருந்தது. பொருக்கு நசுங்கும்போது அந்த அளவுக்கு இறுக்கமும் குறைகிறது.

இங்கே ஓர் அடிப்படை விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். காரின் பாரத்தை போல்ட்டுகள் நேரடியாகச் சுமப்பதில்லை. இறுக்கும்போது போல்ட் ஒரு ரப்பர் போல மிகச் சிறிதளவு நீள்கிறது. அது திரும்பச் சுருங்க முயலும் விசைதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. இரு முகங்களுக்கிடையிலான உராய்வே பாரத்தைத் தாங்குகிறது. முகங்கள் சிறிது வழுக்கினாலும் நட்டு தானாகச் சுழன்று கழல ஆரம்பிக்கும். இதை 1969இல் ஜெர்மனியப் பொறியியலாளர் ஜங்கர் பரிசோதனை மூலம் காட்டினார். பக்கவாட்டு வழுக்கலை ஸ்பிரிங் வாஷரால் தடுக்க முடியாது என்பதும் அத்தகைய சோதனைகளில் தெளிவானது. அப்படியானால் நான் இரண்டாம் தடவை விற்ற பொருளால் அந்தச் சகோதரருக்கு என்ன பயன்? ஒன்றுமில்லை. எனது கல்லாவுக்கு மட்டும்தான் பயன்.

இது நமது ஊருக்கு மட்டும் உரிய பிரச்சினையல்ல. நம்மைப் போலவே இடப்பக்கமாக வாகனம் ஓட்டும் ஜப்பானில் 2022 நிதியாண்டில் கனரக வாகனங்களில் சில்லு கழன்ற விபத்துகள் 140 பதிவாகின. பெரும்பாலானவை இடப்பக்கப் பின்சில்லுகள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1997இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அங்கே வர்த்தக வாகனத்திலிருந்து சில்லு கழன்றால் சாக்குப்போக்குக்கு இடமில்லை. அபராதம் 50,000 டொலர் வரை செல்லும். ஜெர்மனியில் அங்கீகாரம் பெறாத ஸ்பேசருடன் வீதியில் இறங்க முடியாது.

வாகனம் வைத்திருக்கும் வியாபாரச் சகோதரர்கள் கவனிக்க வேண்டியவை:

1. நட்டு ஒரு முறைக்கு மேல் இளகினால் திரும்ப இறுக்கிவிட்டு ஓடாதீர்கள். சில்லைக் கழற்றி ரிம்மின் பின்பக்கத்தையும் ஸ்பேசரின் இரு முகங்களையும் பாருங்கள். பளபளப்பான தேய்வு, கறுப்புத் தூள், நீள்வட்டமான ஓட்டை, நட்டைச் சுற்றித் துரு ஒழுகிய கோடு ஆகியன அபாய அறிகுறிகள்.

2. புரியை ஒப்பிடுங்கள். டொயோட்டா, ஹொண்டா, மிட்சுபிஷி கார்களில் பெரும்பாலும் 12 மி.மீ. ஸ்டட்டில் 1.5 புரி, நிசான், சுசூக்கி கார்களில் 1.25 புரி. ஒன்றின் நட்டு மற்றதில் ஓரிரு சுற்று ஏறிவிடும். பிறகு பலவந்தமாக இறுக்கினால் புரி அழியும்.

3. சுற்றுகளை எண்ணுங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டு குறைந்தது 12 மி.மீ. ஆழம் பிடிக்க வேண்டும். 1.5 புரியில் அது 8 சுற்று, 1.25 புரியில் சுமார் 10 சுற்று. ஸ்டட் மாற்றாமல் 5 மி.மீ. வளையத்தைச் செருகினாலே 1.5 புரியில் 3 சுற்றுக்கு மேல் போய்விடும்.

4. அளவோடு இறுக்குங்கள். கொரோல்லா போன்ற டொயோட்டா கார்களுக்கு அளவு 103 நியூட்டன் மீற்றர். அரை மீற்றர் நீளப் பிடியின் நுனியில் 21 கிலோ பாரம் கொடுப்பதற்குச் சமம் அது. 70 கிலோ எடையுள்ளவர் அந்தப் பிடியில் ஏறி நின்றால் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். ஸ்டட் நிரந்தரமாக நீண்டு பழுதாகும். உங்கள் வாகனத்துக்குரிய அளவைக் கைநூலில் பார்த்து, டோர்க் ரெஞ்ச் உள்ள கராஜில் இறுக்குங்கள். புரியில் கிரீஸ் பூசினாலும் அளவு தவறும்.

5. முகங்களை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பெயின்ட் அடிக்க வேண்டாம். பூட்டி 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.

6. இளகிய நிலையில் ஓடிய ஸ்டட்டுகளை நம்ப வேண்டாம். ஒரு சில்லில் இரண்டு பழுதானால் எல்லாவற்றையும் மாற்றுவதே நல்லது.

7. மாற்றம் செய்தால் உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அறிவிக்காத மாற்றம் இழப்பீடு கோரும் நேரத்தில் சிக்கலாகலாம்.

அந்தச் சகோதரரின் காருக்குச் சரியான தீர்வு ஸ்பேசரே இல்லாத தீர்வுதான். அகல ரிம்முகளை விற்றுவிட்டு, அந்தக் காருக்குரிய அளவுள்ள ரிம்முகளை வாங்கச் சொன்னேன். பழுதான ஸ்டட்டுகளை எனது செலவில் மாற்றிக் கொடுத்தேன். ஸ்பேசர், நட்டு, வாஷர் எல்லாவற்றின் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார். "இது உங்கட ஹக்கு" என்று சொல்லிப் பையில் வைத்துவிட்டேன்.

எமது மார்க்கத்தில் விற்ற பொருளில் குறை தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு இருக்கிறது. நாட்டின் சட்டமும் அப்படியே. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தி விற்பதைக் குற்றமாக்குகிறது. நபிகளார் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட சம்பவம் நாம் அனைவரும் ஜும்ஆக்களில் கேட்டதுதான். நான் பொய் சொல்லி விற்கவில்லை. ஆனால் கையை உள்ளே விட்டுப் பார்க்காமல் விற்றேன். சில்லுக்குப் பின்னால் மறைந்திருப்பதை வாடிக்கையாளர் பார்க்க முடியாது. அதைப் பார்த்துச் சொல்வது விற்பவரின் அமானிதம்.

இப்போது எனது கடையில் ஸ்பேசர் கேட்டு வருபவரிடம் முதலில் சில்லைக் கழற்றிக் காட்டச் சொல்கிறேன். ஹப், ஸ்டட், ரிம்மின் பின்பக்கம் மூன்றையும் அளந்த பிறகே பதில் சொல்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு "வேண்டாம்" என்பதே பதிலாக அமைகிறது. அந்த விற்பனை போய்விடுகிறது. ஆனால் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தாம் பின்னர் பிரேக் பேட்டுக்கும் ஒயிலுக்கும் என்னைத் தேடி வருகிறார்கள். விருதோடைச் சகோதரரும் அவர்களில் ஒருவர். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். ஒரு ஸ்பேசர் விற்காததால் எவரது அடுப்பும் அணைந்துவிடாது.