தேயிலைப் பெட்டியும் யந்திரக் கரங்களும்

ஊவாத் தோட்டங்களில் ஒருகாலத்தே நிறைந்திருந்த தேயிலைப் பலகைப் பெட்டிகளை இன்று காண்பதரிது. கடதாசிப் பைகள் அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. ஆயினும், தற்கால விஞ்ஞானத்தின் நுட்பமான பிரச்சினையொன்றை விளக்குதற்கு அப்பெட்டி மிக ஏற்ற பொருளாகும். முன்பின் அறியாத ஒரு பொருளை இரண்டு யந்திரக் கரங்கள் கூடிப் பற்றித் தூக்குவது எங்ஙனம் என்பதே அப்பிரச்சினை.

பெட்டியொன்றை இருவர் எதிரெதிரே நின்று, உள்ளங்கைகளால் அழுத்தித் தூக்குவதாகக் கொள்வோம். அவர்தம் விசையின் ஒரு பகுதி பெட்டியின் நிறையைத் தாங்குகின்றது. மற்றைய பகுதி இருபுறமிருந்தும் பெட்டியை நெருக்குகின்றது. இந்நெருக்கும் விசைகள் ஒன்றையொன்று சமன்செய்வதால் பெட்டியை நகர்த்துவதில்லை. இவற்றை அகவிசை என்பர். அகவிசை குறைந்தால் பெட்டி நழுவி விழும். மிகுந்தால் பலகை நொறுங்கும்.

பெட்டியின் நிறை 20 கிலோகிராம் என்றும், உராய்வுக் குணகம் 0.5 என்றும் கொள்வோமாயின், ஒவ்வொரு புறத்திலும் குறைந்தது 20 கிலோகிராம் நிறைக்குச் சமமான அழுத்தம் வேண்டும். மழையில் நனைந்து குணகம் 0.25 ஆகக் குறையுமாயின், வேண்டிய அழுத்தம் 40 கிலோகிராம் நிறைக்குச் சமமாகும்.

யந்திரக் கரத்தைக் குறித்த இடத்துக்குச் செல்லுமாறு ஏவுதல் எளிது. ஆனால், பெட்டியின் அகலம் சில மில்லிமீற்றர் தவறாகக் கணிக்கப்படின், விறைப்பான கரங்கள் அதனை நசுக்கிவிடும். அல்லது தொடாமலே நின்றுவிடும். ஆகவே இடத்தோடு விசையையும் ஆளுதல் அவசியமாயிற்று. 1981இல் அமெரிக்காவில் றெய்பேட், கிறெய்க் என்னும் இருவர், ஒரு திசையில் இடத்தையும் மற்றொரு திசையில் விசையையும் ஆளும் முறையை வெளியிட்டனர். 1985இல் நெவில் ஹோகன், கரத்தை வில்சுருள்போல் அளவறிந்து விட்டுக்கொடுக்கச் செய்யும் முறையை விரித்துரைத்தார். இருவர் சுமக்கும்போது ஒருவரது தள்ளலை மற்றவர் பெட்டியின் வழியாகவே உணர்வதுபோல, மணிக்கட்டிற் பொருத்திய விசை உணரியினால் ஒரு கரம் மற்றதன் செயலை அறிந்து இசையவும் கூடும்.

அறியாத பொருளாயின், அதன் நிறையும் வழுக்கலும் முன்கூட்டித் தெரியா. மெல்லத் தொட்டு, சிறிதே உயர்த்தி, நிறையை அறிந்து, நழுவத் தொடங்கும் கணத்திற் பிடியை இறுக்குதல் வேண்டும். மனிதக் கை இதனை இயல்பாகவே செய்கின்றது. விரல்கள் வேண்டிய அளவினும் சற்றே மிகுதியாக மட்டும் அழுத்துகின்றன என்பதையும், வழுக்கும் பரப்பிலே தாமே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கின்றன என்பதையும் சுவீடன் தேசத்து யொகான்சன், வெஸ்ட்லிங் ஆகியோர் 1984இல் பரிசோதனை வாயிலாகக் காட்டினர்.

எமது மலைகளிலே ஈரிலையும் ஒரு மொட்டும் கொய்யும் கையும் இத்தகையதே. கொழுந்து வெட்டும் யந்திரம் தளிரையும் முற்றிய இலையையும் வேறுபாடின்றி அரிந்துவிடுகின்றது. அக்கையோ தளிரைத் தேர்ந்து, கசக்காது கொய்கின்றது. இதனைத் தேர்ச்சி வேண்டாத தொழில் என்று கூறுவோர் இன்றும் உளர். யந்திரத்துக்கு அத்திறனை ஊட்டுதற்குப் பொறியியலார் பல்லாண்டு முயன்றுவருதலை அன்னோர் எண்ணிப் பார்த்தல் நன்று. தோட்டத்து இல்லங்களிலிருந்து வந்து விஞ்ஞானம் பயிலும் எம் மாணவர், தம் அன்னையரின் விரல்கள் அறிந்தவற்றை அளந்து ஆராய முற்படுவாராக. யந்திரங்கள் மலையேறும் நாளில், அவற்றை அமைப்பவரோடு அத்தொழிலாளருக்காகப் பேசுதற்கும் அவ்வறிவு பயன்படும்.