தடாகத்தைச் சூடாக்குமுன் கணக்குப் பார்ப்போம்

வெந்நீர் வைப்பதென்றால் நம் நாட்டில் ஓர் அடுப்பும் ஒரு பானையும் போதும். பிள்ளை பெற்ற தாய்க்கோ, காய்ச்சலில் எழுந்த குழந்தைக்கோ வேண்டிய அளவு நீரைக் கொதிக்கவைத்தபின் அடுப்பை அணைத்துவிடுகிறோம். ஆனால் 48,000 லீற்றர் நீரை, அதுவும் திறந்த வெளியிலே சூடாக்கி, மாதக்கணக்காக அந்தச் சூடு குறையாமற் காத்து வரவேண்டுமென்றால் என் செய்வது?

இது வேடிக்கைக்காக எழுப்பும் வினாவன்று. கனடாவில் ரொறன்ரோ, மார்க்கம், பிறாம்ரன் முதலிய நகரங்களில் நம்மவர் பலர் குடியேறி வாழ்கின்றனர். அங்கே அவர்களிற் சிலர் வாங்கும் வீடுகளின் பின்வளவில் நீச்சல் தடாகமும் அமைந்திருக்கின்றது. கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் ஊர்ப் பெரியோர், “இவ்வளவு செலவிட்டுக் கட்டிய தடாகத்தில் ஏன் ஒருவரும் இறங்குவதில்லை?” என வியப்பதுண்டு. விடை எளிது: நீர் குளிர்கின்றது. சூடாக்கும் கருவியை வாங்கவோ அஞ்சுகின்றனர். அதன் பற்றுச்சீட்டை நினைத்தால் உடலே குளிர்கின்றது!

இந்த அச்சத்தை வெறும் ஆடம்பரக் கவலையெனத் தள்ளிவிடலாகாது. ஒன்ராறியோ மாகாணம் ஏரிகள் நிறைந்தது. அங்கு வளரும் பிள்ளைக்கு நீந்தத் தெரிந்திருத்தல் உயிர்க்காப்பாகும். நீந்தப் பழகவேண்டுமானால் அரை மணி நேரமாவது நீரிலே நிற்கவேண்டும். நீரோ காற்றிலும் பார்க்க ஏறக்குறைய 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவது. ஆதலால் 18 பாகை செல்சியஸ் நீரில் இறங்கிய சிறுவன் சற்று நேரத்தில் உதடு நீலம்பாரிக்க நடுங்கிக் கரையேறிவிடுவான். 26 முதல் 28 பாகை வரையிலான நீரே பொதுவாகப் பலருக்கும் இதமானது. சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இன்னுஞ் சிறிது கூடுதலாக வேண்டியிருக்கும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமும் உள்ள தடாகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது கொள்ளும் நீர் 48,000 லீற்றர். ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை சூடாக்க ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டுமென்பது பள்ளி மாணவரும் அறிந்தது. எனவே தடாகம் முழுவதையும் ஒரு பாகை உயர்த்த 48,000 கிலோகலோரி, அதாவது மின்மானிக் கணக்கில் ஏறக்குறைய 56 அலகு வெப்பம் வேண்டும். 18 பாகையிலிருந்து 28 பாகைக்குக் கொண்டுசெல்ல 560 அலகு வேண்டும்.

இத்துடன் கணக்கு முடிந்ததென எண்ணுவோர் பலர். உண்மையில் இங்கேதான் அது தொடங்குகின்றது. சூடாக்கிய நீர் அந்தச் சூட்டை எத்துணை விரைவில் இழக்கின்றது என்பதே முதன்மையான வினா.

நம் வீட்டு மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கொண்டுபோய்விடுகின்றது. அதனாலேதான் பானை நீர் குளிர்ந்திருக்கின்றது. திறந்த தடாகமும் அத்தகைய பெரியதொரு பானையே. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் அதனுடன் செல்கின்றது. விஞ்ஞான நூலார் இதனை ஆவியாதலின் மறைவெப்பம் என்பர். நாம் கூறிய தடாகத்தில் ஒரு நாளில் 5 மில்லிமீற்றர் உயரமுள்ள நீர் ஆவியாகின்றதெனக் கொண்டால், அது 160 லீற்றராகும். அதனுடன் போகும் வெப்பம் 108 அலகு. ஒரு நாளிலேயே நீர் ஏறக்குறைய 2 பாகை குளிர்ந்துவிடுகின்றது! தடாகங்கள் இழக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய 70 வீதம் இவ்வாறு ஆவியாதலாலேயே போகின்றதென அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் கூறுகின்றது.

ஆகவே முதலில் வாங்கவேண்டிய பொருள் கருவியன்று, போர்வையே. நீரின்மேல் மிதக்கும், காற்றுக் குமிழ்கள் பொதிந்த பிளாஸ்ரிக் விரிப்புகள் இதற்கென விற்கப்படுகின்றன. நீந்தாத வேளையெல்லாம் இதனை விரித்து வைத்தால் சூடாக்கும் செலவில் பாதி முதல் 70 வீதம் வரை மிச்சமாகுமென மேற்கூறிய திணைக்களமே கணக்கிட்டிருக்கின்றது. நீரும் மருந்தும் வீணாகா. காற்று வீசும் பக்கத்தில் வேலியோ செடிகொடியோ அமைத்தால் ஆவியாதல் இன்னுங் குறையும். போர்வையின்றிப் பெரிய கருவியை வாங்குவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கே ஒப்பாகும்.

இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. மிதக்கும் போர்வை வெப்பத்தைக் காக்குமேயன்றிக் குழந்தையைக் காவாது. அதன்மேற் கால்வைத்த குழந்தை உள்ளே அமிழ்ந்து, பிறர் கண்ணுக்குத் தெரியாமலே மறைந்துவிடக்கூடும். நீந்துமுன் போர்வையை முழுவதும் அகற்றுதல் வேண்டும். தடாகத்தைச் சுற்றி வேலியும், தானாகவே மூடிக்கொள்ளும் படலையும் இருத்தல் வேண்டும். பெரியோர் ஒருவரின் கண் எப்போதும் நீரிலேயே இருத்தல் வேண்டும்.

போர்வை வந்தபின் கருவியைத் தேர்வோம். இன்று பெரிதும் வழக்கிலுள்ளவை மூன்று வகை.

முதலாவது, இயற்கை வாயுவை எரித்து நீரைச் சூடாக்குவது. இதன் சிறப்பு விரைவு. 56 கிலோவாற்று வெப்பம் தரும் கருவியானால் நம் தடாகத்தை மணிக்கு ஒரு பாகை வீதம் உயர்த்திவிடும். வெளியே குளிர்ந்தாலும் தளராது. கருவி வாங்கும் விலையும் மற்றவற்றோடு ஒப்பிடின் பெரும்பாலும் குறைவே. ஆனால் எரிபொருட் செலவு மிகுதி. 80 வீதப் பயன் தரும் கருவிக்குத் தொடக்கத்து 10 பாகையை ஏற்றவே 65 முதல் 70 கன மீற்றர் வாயு வேண்டும். புகையிலே நச்சு வாயுவும் கலந்திருக்கக் கூடுமாதலால் தேர்ந்த தொழிலாளியைக் கொண்டே பொருத்தவேண்டும்.

இரண்டாவது, வெப்பப் பம்பி. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் அது சுடுவதை அறிவர். உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதே அப்பெட்டியின் தொழில். வெப்பப் பம்பியோ வெளிக்காற்றின் வெப்பத்தைத் திரட்டி நீருக்குள் தள்ளுகின்றது. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு அலகு மின்சாரத்துக்கு 3 முதல் 7 அலகு வரை வெப்பங் கிடைக்கும். ஐந்தெனக் கொண்டால் 560 அலகு வெப்பத்துக்கு 112 அலகு மின்சாரமே போதும். சாதாரண மின்சூடாக்கியானால் 560 அலகும் மின்சாரமாகவே செலவாகியிருக்கும். ஆனால் வெப்பப் பம்பி மெதுவாகவே இயங்கும். 14 கிலோவாற்று வெப்பம் தருவதொன்றுக்கு ஒரு பாகையை ஏற்ற நான்கு மணித்தியாலம் வேண்டும். காற்று 10 பாகைக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் பெரும்பாலானவற்றின் ஆற்றல் தளர்ந்துவிடும்.

மூன்றாவது, சூரிய வெப்பம். கரிய குழாய்கள் நிறைந்த தகடுகளைத் தெற்கு நோக்கிய கூரைமேற் பரப்பி, தடாகத்து நீரையே அவற்றினூடு செலுத்துவர். எரிபொருட் செலவு இல்லை. நீரைச் சுற்றவைக்கும் பம்பியின் மின்சாரமே செலவு. முறையாகப் பேணினால் 15 முதல் 20 ஆண்டுவரை உழைக்கும். ஆனால் தடாகப் பரப்பின் பாதி முதல் முழு அளவு வரை தகடு வேண்டும். மரநிழல் விழும் கூரையாயின் பயனில்லை. மழையும் முகிலுமான நாட்களில் பொறுமை வேண்டும். பனி உறையுமுன் தகடுகளிலுள்ள நீரை வடித்துவிடவும் மறக்கலாகாது.

இம்மூன்றில் எது சிறந்தது? கடைக்காரரிடம் கேட்டால் தாம் விற்பதே சிறந்ததென்பார். வீட்டாரிடமே கேட்கவேண்டும் என்பது நம் கருத்து. பிள்ளைகள் ஜூன் தொடங்கிச் செப்ரெம்பர் வரை நாள்தோறும் நீந்துவார்களா? அவ்வாறாயின் நீரை எந்நேரமும் ஒரே சூட்டில் வைத்திருக்க வெப்பப் பம்பியே ஏற்றது. வெயில் தடையின்றி விழும் கூரையிருந்தால் சூரியத் தகடு அதனினும் சிக்கனம். விருந்தினர் வரும் சில வாரயிறுதிகளில் மட்டுமே பயன்படுமா? அப்போது வெள்ளிக்கிழமை மாலை மூட்டிச் சனிக்கிழமை காலையில் நீந்தத்தக்க வாயுக் கருவியே பொருந்தும். மற்ற நாட்களில் அது சும்மா கிடக்கலாம். எரியாத வாயுவுக்குப் பணமில்லை.

இவ்வாறு எண்ணியபின் வீட்டு மின்சார, வாயுப் பற்றுச்சீட்டுகளை மேசைமேல் வைத்து, நாம் காட்டிய கணக்கில் தம் தடாகத்தின் அளவுகளை இட்டுப் பார்க்கட்டும். நம் கணக்கு நீரின் சூட்டை முதன்முறை ஏற்றுவதற்கு உரியது; அதைக் காப்பதற்கு ஆகும் நாட்செலவையும் கூட்டிக்கொள்ளல் வேண்டும். இரவில் மின்கட்டணம் மலிவான திட்டத்தில் இருப்போர் பம்பியை அந்நேரம் ஓடவிடலாம். நீரின் சூட்டை ஒரு பாகை கூட்டினாலும் செலவு 10 முதல் 30 வீதம் வரை ஏறுமாதலால், 28 பாகை போதுமான இடத்தில் 30 பாகையை நாடாதிருப்பதும் சிக்கனமே. பனிக்காலத்தில் திறந்த தடாகத்தோடு போராடவேண்டியதில்லை. நகரசபைகள் நடத்தும் உள்ளகத் தடாகங்கள் அப்போது உதவும்.

கனடாவிலுள்ள மகனோ மருமகளோ அடுத்தமுறை தொலைபேசியில் இப்பேச்சை எடுத்தால், நம் ஊர்ப் பாட்டியும் தயங்காமல் ஆலோசனை கூறலாம். “முதலிலே அதை மூடி வையுங்கள் பிள்ளை; பிறகு எது வாங்குவதென்று யோசிப்போம்” என்று அவர் சொல்வாராயின், விற்பனையாளர் பலர் சொல்லாத உண்மையை அவர் சொன்னவராவார். பானையை மூடி வைத்துப் பழகியவருக்கு இது புதிய பாடமன்று.