தலைவன் வீழ்ந்த பின்

பழைய யுத்தங்களைப் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு மேஜைமீது மறுபடி நடத்திப் பார்க்கும் விளையாட்டு மேனாடுகளில் வழங்கிவருகிறது. இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடலாகாது.

1632-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி, ஜெர்மனியில் லீப்சிக் நகருக்கருகே லூட்சென் என்னுமிடத்தில் நடந்த போரை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ப் ஒருபுறம். ஜெர்மன் சக்கரவர்த்தியின் சேனாபதி வாலன்ஸ்டைன் மறுபுறம். வாலன்ஸ்டைன் தமது படையில் ஒரு பகுதியைப் பாப்பன்ஹைம் என்ற தளகர்த்தருடன் முன்னரே வெளியே அனுப்பியிருந்தார். அவரைத் திரும்ப அழைத்த கடிதம், அவரது உதிரக் கறையுடன் வியன்னாவிலுள்ள பொருட்காட்சிச்சாலையில் இருக்கிறது. காலை மூடுபனியால் ஸ்வீடன் படையின் தாக்குதல் தாமதித்தது. நண்பகலில் பாப்பன்ஹைம் குதிரைப்படையுடன் வந்து சேர்ந்தார். வந்தவுடன் குண்டுபட்டு வீழ்ந்தார். அவரது வீரர் ஊக்கமிழந்தனர். பின்னர்ப் பனியும் புகையும் சூழ்ந்த களத்தில் அரசரும் மாண்டார்.

விளையாடுபவனோ மேஜை முழுவதையும் காண்கிறான். ஆகையால், ஆணை உரிய நேரத்தில் சேருமா, படை வழிதவறுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும்படி விதி வகுத்தாலன்றி அவன் ஆடுவது லூட்சென் ஆகாது. அரசன் அகப்பட்டால் ஆட்டம் முடிந்தது என்னும் சதுரங்க நியாயமும் இங்கே செல்லாது. அரசர் மாண்டபின் பெர்ன்ஹார்ட் கோமகன் தலைமை ஏற்றார்; ஸ்வீடன் படை மீண்டும் மீண்டும் தாக்கி எதிரியின் பீரங்கிகளைக் கைப்பற்றியது; இரவில் வாலன்ஸ்டைன் பின்வாங்கினார்.

ஒரே நாளில், ஒரே களத்தில், தலைவன் வீழ்ந்ததும் தளர்ந்த படையும் உண்டு. தளராத படையும் உண்டு. நாம் எதைச் சேர்ந்தவர் என்பதைத் தலைவன் இருக்கும்போதே சோதித்துக்கொள்வது நன்று.