லீவா மணலில் டென்ட் போடப் போறீங்களா?

குளிர்காலத்தில் துபாய், ஷார்ஜா, அபுதாபியில் இருக்கும் நம்ம ஊர் பசங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு கிளம்பும். "மச்சான், ரெண்டு நாள் டென்ட் போட்டு பைக் ராலி பார்த்துட்டு வரலாமா?" அந்த ராலிதான் அபுதாபி டெசர்ட் சேலஞ்ச். 1991-ல் இதைத் தொடங்கிவைத்த முகமது பின் சுலாயம்தான், 2021 டிசம்பரில் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் தலைவரானவர். 2022 முதல் இது உலக ராலி-ரெய்டு சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று. பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனாலும் டென்ட் என்றதும் எல்லோருக்கும் மனசு போவது லீவாவுக்குத்தான்.

இதில் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ஓசூர். அங்கிருக்கும் டிவிஎஸ் நிறுவனம், பிரான்ஸின் ஷெர்கோவோடு சேர்ந்து 2015-ல் டக்கார் ராலியில் அணி இறக்கத் தொடங்கியது. அந்த அணியில் ஓட்டிய கேரளத்துக்காரர் ஹரித் நோவா, 2024-ல் சவூதியில் நடந்த டக்காரில் ராலி-2 பிரிவில் முதலிடம் பிடித்தார்; ஒட்டுமொத்தமாக 11-வது இடம். கிரிக்கெட்டில் ஒரு அரைசதம் அடித்திருந்தால் நாம் அதை ஒரு வாரம் பேசியிருப்போம். அதே டக்காரில்தான் '48 மணிநேர' சுற்று என்று ஒன்று வைத்தார்கள். மாலை 4 மணி ஆனதும் அடுத்து வரும் முகாமில் வண்டியை நிறுத்த வேண்டும். மெக்கானிக் கிடையாது, அணியோடு பேச்சும் கிடையாது. ஒரு டென்ட், தூங்கும் பை, சாப்பாட்டுப் பொட்டலம், அவ்வளவுதான். ரப் அல் காலி பாலைவனத்தின் நடுவே உலகின் பெரிய வீரர்கள் அப்படித்தான் ராத்தங்கினார்கள்.

லீவா அந்த ரப் அல் காலியின் விளிம்பு. இதை மறந்துவிட்டு மெரினாவுக்குப் போகிற மாதிரி கிளம்புவதுதான் எனக்குக் கவலை. 2024 ஆகஸ்டில் சவூதிப் பக்கம் அதே பாலைவனத்தில் தெலங்கானாவைச் சேர்ந்த ஒரு இளைஞரும் உடன் போன சூடான்காரரும் இறந்துபோனார்கள். ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை, பெட்ரோல் தீர்ந்தது, போனில் சார்ஜ் போனது. வேலைக்குப் போன இடத்தில் நடந்தது அது. குளிர்காலத்தில் வெயில் அவ்வளவு இருக்காதுதான். ஆனால் வழி தவறுவதற்கு வெயில் தேவையில்லையே!

துபாயில் இருந்து லீவா சுமார் 350 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே போனால் தல் மொரீப் மணல்மேடு, உயரம் 300 மீட்டர் அளவில் சொல்கிறார்கள். திருச்சி மலைக்கோட்டையைப் போல மூன்று மடங்குக்கும் மேல், அத்தனையும் மணல்! நம் தேரிக்காட்டில் நடந்து பழகியவர்கள்கூட மலைத்துப்போவார்கள். ஊருக்குள் இருக்கும்போதே டேங்கை நிரப்பிவிடுங்கள். தார்ச்சாலை முடிகிற இடம் வரைதான் சாதா கார். வாடகைக் காரை மணலில் இறக்கினால் பெரும்பாலும் இன்சூரன்ஸ் செல்லாது. சிக்கினால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். ஃபோர் வீல் டிரைவ் இருந்தாலும் ஒற்றை வண்டியாகப் போகாதீர்கள், ரெண்டு வண்டி வேணும். மணல்வெட்டி, இழுக்கும் கயிறு, காற்றடிக்கும் கம்ப்ரஸர் எல்லாம் வேண்டும். டயர் காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்கினால்தான் மணல் தாங்கும். மேடுகளுக்கு நடுவே தட்டையாக, கெட்டியாகத் தெரியும் தரையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது சப்கா, வேதாரண்யம் உப்பளம் போல மேலே ஓடு, அடியில் சேறு. இறங்கிய வண்டி லேசில் ஏறாது.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். "அண்ணே, இவ்வளவா?" என்பார்கள். மீதி இருந்தால் பாத்திரம் கழுவலாம், விடுங்க.

ராத்திரி பத்துப் பன்னிரண்டு டிகிரி வரை இறங்கும். கைலி, டீ-ஷர்ட் போதும் என்று வந்தவர்கள் நடுராத்திரியில் பார்பிக்யூ அடுப்பை டென்ட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள். இங்கேதான் உயிர் போகிறது. கரியடுப்பில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். வளைகுடா நாடுகளில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அரசுகள் எச்சரிக்கின்றன, ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிச் சாகிறார்கள். ரெண்டு கம்பளி கூடுதலாக எடுத்துப் போவதில் என்ன கஷ்டம்?

ராலி பார்க்கும் இடத்திலும் ஒரு விஷயம். மணல்மேட்டின் உச்சிக்கு அந்தப் பக்கம், சரிவில் நிற்கவே கூடாது. ஏறி வரும் பைக்காரருக்கு உச்சியைத் தாண்டும் வரை உங்களைத் தெரியாது. போட்டோவுக்காக அங்கே போய் நிற்கிற ஆசாமி எல்லாக் குழுவிலும் ஒருத்தர் உண்டு, அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். வாரத்தில் ஆறு நாள் டெலிவரி பைக் ஓட்டும் நம்ம பையன்கள். பைக்கின் அருமையும் ஆபத்தும் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் ரெண்டு நாள் லீவு கிடைக்காது, கார் இருக்காது. திட்டம் போடும்போது உங்கள் வண்டியில் ஒரு சீட்டை அவர்களில் ஒருவருக்கு ஒதுக்குங்கள். சனிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புகிற மாதிரி வைத்தால் அவரும் வர முடியும்.

ஜனவரியில் சவூதிக்கே போய் டக்கார் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், விசா, காருக்கு அந்த நாட்டு இன்சூரன்ஸ், வண்டி உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று குவைஃபாத் எல்லைக்குக் கிளம்புமுன்பே பாருங்கள்.

கிளம்பும்போது எங்கே டென்ட் போடுகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ரூமில் இருக்கும் ஒருவரிடம் லொக்கேஷனோடு சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டி மூன்று மணி நேரத்தில் போன் வரவில்லையென்றால் 999-ஐ அழைக்க வேண்டியது அவர் பொறுப்பு. திரும்பி தார்ச்சாலை ஏறியதும் முதல் வேலையாக டயரில் காற்றை நிரப்புங்கள். 15 பிஎஸ்ஐயில் நெடுஞ்சாலையில் 120-ல் போனால் டயர் வெடிக்கும்.