மலைப்பாம்புக் குட்டிக்கு வீடு பார்க்கலாமா?

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? ஊருக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் விமான நிலையம் வரும். 2023 ஜூலை மாதக் கடைசியில், கோலாலம்பூரிலிருந்து அங்கே வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டியைச் சுங்கத் துறையினர் திறந்து பார்த்தார்கள். உள்ளே துளை போட்ட டப்பாக்கள். டப்பாக்களுக்குள் 47 மலைப்பாம்புகள்! கூடவே 2 பல்லிகள்.

மலைப்பாம்பை ஆசைக்காக வளர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடத்தல். சரி, ஒரு குட்டி மலைப்பாம்புக்கு உண்மையில் எப்படிப்பட்ட வீடு வேண்டும்? டப்பா போதுமா?

பெரிய கண்ணாடித் தொட்டியாக வாங்கி, நடுவில் குட்டியை விட்டால் சந்தோஷமாகச் சுற்றித் திரியும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! காட்டில் குட்டிப் பாம்பைத் தின்னக் கழுகு, கீரி என்று எத்தனையோ எதிரிகள். தாய்ப் பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் காக்கும். குளிரெடுத்தால் தன் உடம்பை நடுங்க வைத்து முட்டைகளுக்குச் சூடு கூடக் கொடுக்கும். ஆனால் பொரிந்த பிறகு குட்டி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ஒளிய இடமில்லாத வெட்டவெளி என்றால் அதற்குப் பயம். பயந்த பாம்பு இரை எடுக்காது. வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

எனவே, குட்டிக்கு முதலில் சின்ன வீடுதான். அதற்குள் ஒரு மறைவிடம் கட்டாயம். அதுவும் விசாலமாக இருக்கக் கூடாது. சுருண்டு படுத்தால் நாலு பக்கமும் உடம்பில் உரச வேண்டும். அப்போதுதான் அதற்கு நிம்மதி.

அடுத்தது சூடு. பாம்பு தன் உடல் வெப்பத்துக்குச் சுற்றுப்புறத்தைத்தான் நம்பியிருக்கிறது. இரையை விழுங்கிய பிறகு சூடு கிடைக்காவிட்டால் செரிக்காது, கக்கிவிடும். ஆகவே கூண்டின் ஒரு பக்கம் 30, 32 டிகிரி செல்சியஸ், இன்னொரு பக்கம் அதைவிடக் குறைவாக இருக்கும்படி அமைப்பார்கள். எந்தப் பக்கம் போவது என்பது பாம்பின் இஷ்டம். தண்ணீர்க் கிண்ணமும் இருக்கும். மூடிக்குப் பூட்டு முக்கியம். மலைப்பாம்பு முழுக்கத் தசைதான். லேசான மூடியைத் தலையால் நெம்பித் திறந்துவிடும்.

வளர வளரக் கூண்டையும் மாற்ற வேண்டும். பாம்பு உடம்பை முழுக்க நீட்டிப் படுக்க முடியவில்லை என்றால் வீடு பற்றவில்லை என்று அர்த்தம். நம் ஊர் மலைப்பாம்பு முட்டையிலிருந்து வரும்போது சுமார் 2 அடிதான். பெரிதானால் 10 அடி! அப்போது அதற்குத் தேவைப்படுவது தொட்டியில்லை, ஓர் அறை.

இதை யோசிக்காமல் வாங்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்தது. ஆசையாக வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் பூதாகாரமாக வளர்ந்ததும், சமாளிக்க முடியாமல் சதுப்பு நிலத்தில் விட்டுவிட்டார்கள். தப்பித்துப் போனவையும் உண்டு. அவை அங்கேயே பெருகி, ரக்கூன், முயல் போன்றவற்றைத் தின்று தீர்த்தன. 2012-ல் அமெரிக்கா அந்தப் பாம்பை இறக்குமதி செய்யவே தடை போட்டது.

இந்தியாவில் நம் மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலி, யானையோடு அதுவும் இருக்கிறது. பிடித்து வைத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை! வெளிநாட்டுப் பாம்பையும் உரிய அனுமதியில்லாமல் கொண்டுவர முடியாது. பார்க்கத்தான் ஆசை என்றால் சென்னை கிண்டியில் பாம்புப் பூங்கா இருக்கிறதே!

நம் மலைப்பாம்பு தனக்கு எப்படி வீடு பார்க்கிறது தெரியுமா? பாறை இடுக்கு, மரப்பொந்து, கறையான் புற்று எல்லாம் அதற்கு வீடுதான். சொந்தமாகத் தோண்டத் தெரியாது. ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் முள்ளம்பன்றி தோண்டிய வளையில் போய்க் குடியிருக்கிறது. சில வளைகளில் முள்ளம்பன்றியும் கூடவே இருக்கும். வாடகை கேட்பதில்லை போலிருக்கிறது! குளிர்காலத்தில் காலை வெயில் ஏறியதும் வளை வாசலுக்கு வந்து சூடேற்றிக்கொண்டு, ஆபத்து என்றால் சட்டென்று உள்ளே போய்விடும்.

நம் புதுக்கோட்டையில் நார்த்தாமலை, விராலிமலைப் பக்கம் பாறைக்கும் புதருக்கும் பஞ்சமா என்ன? வயலிலோ ஆட்டுப் பட்டியிலோ மலைப்பாம்பைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள். அதற்கு விஷமில்லை, ஆனால் கடித்தால் பற்கள் ஆழமாக இறங்கும். கல்லெறியவும் விடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, 101-க்குப் போன் செய்து தீயணைப்புத் துறையை வரவழையுங்கள். அவர்கள் பிடித்து வனத்துறையிடம் கொடுப்பார்கள். வனத்துறையினர் காட்டில் கொண்டுபோய் விடுவார்கள்.