தையற்காரர் மகளின் ஒலிம்பிக் பயணம்



ஹரியானா மாநிலம் சோனிபட்டைச் சேர்ந்த ஹாக்கி வீராங்கனை நிஷா வார்சியை அறிவீர்களா? தையற்காரரான அவருடைய தந்தை, 2015-ஆம் ஆண்டு பக்கவாதத்தால் முடங்கினார். தாயார் தொழிற்சாலை வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கினார். ஆயினும் மகளின் ஆட்டம் நிற்கவில்லை.

2019-இல் ஹிரோஷிமாவில் நிஷா இந்திய அணிக்காகக் களமிறங்கினார். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் இடம்பெற்ற அணி, ஆஸ்திரேலியாவை 1-0 என வென்றது. இந்திய மகளிர் ஹாக்கி அணி ஒலிம்பிக் அரையிறுதியை எட்டியது அதுவே முதன்முறை. வெண்கலத்திற்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 எனத் தோற்று, நான்காமிடம் பெற்றது.

செங்கல்பட்டிலும் மாமல்லபுரக் கடலோரச் சிற்றூர்களிலும் பள்ளித் திடலில் ஓடியாடும் நம் பெண்மக்களைப் பாருங்கள். பருவமெய்தியதும் 'போதும்' என்கிறோம். அங்கே வறுமையும் நோயும் தடுக்காததை, இங்கே நம் ஒரு சொல் தடுக்கலாமா? பெற்றோர்களே, சிந்திப்பீர்!