குழாயை மூடிய பிறகும் ஓடும் நீர்

ராகலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். லயத்துக்குப் பின்னால் அவருக்குச் சிறிய மரக்கறிப் பாத்தி இருக்கிறது: லீக்ஸ், கரட், கொஞ்சம் கோவா. மலைமேல் இருக்கும் ஊற்றிலிருந்து அரை அங்குல அல்கத்தீன் குழாயில் தண்ணீர் இறங்கி வருகிறது. முன்பு இரண்டு ஸ்பிரிங்ளர் சுற்றிய இடத்தில் இப்போது ஒன்றே திணறுகிறதாம். குழாயில் பொருத்தினால் ஓட்டத்தை அளந்து, கசிவு இருந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை இணையத்தில் பார்த்திருக்கிறார். வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பது என் பதில். ஆனால் கேள்வி முக்கியமானது. தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கத்துச் சரிவுகளை நனைக்கும் மாதங்களில் ராகலை, உடப்புசல்லாவ பக்கம் காய்ந்த காற்றுதான் வீசும். ஊற்று இளைக்கும் அந்த நாட்களில், கசிந்து கானில் இறங்கும் தண்ணீர் பாத்திக்குச் சேரவேண்டிய தண்ணீர்.

இத்தகைய மலிவுக் கருவிகள் பலவற்றின் உள்ளே இருப்பது ஒரு சிறு பிளாஸ்டிக் சக்கரம். நீர் தள்ளச் சக்கரம் சுழலும். அதில் பதித்த காந்தம் ஒவ்வொரு முறை கடந்து போகும்போதும் வெளியே இருக்கும் உணரி ஒரு துடிப்பை எண்ணும். மின்னணுக் கடைகளில் பரவலாக விற்கும் வைஎஃப்-எஸ்201 என்ற உணரி லீற்றருக்குச் சுமார் 450 துடிப்புகள் தரும். இவ்வளவு நுணுக்கமாக எண்ணும் கருவியா கசிவை விட்டுவிடும் என்று தோன்றும். விட்டுவிடும். அதன் விவரத்தாளில் ஓட்ட வரம்பு நிமிடத்துக்கு 1 முதல் 30 லீற்றர் வரை என்றுதான் போட்டிருக்கிறது. ஒரு லீற்றருக்குக் கீழே சக்கரம் சுழலும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சக்கரத்தைத் தள்ளும் விசை நீரின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் விசை நூறில் ஒன்றாகிவிடும். அச்சின் உராய்வோ அப்படிக் குறைவதில்லை. ஆகவே ஒரு கட்டத்தில் சக்கரம் நின்றுவிடும். நீர் அதன் இதழ்களுக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளியில் நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். போனில் தெரிவது பூச்சியம்.

அந்தப் பூச்சியத்தின் விலையைக் கணக்குப் பார்ப்போம். ஊற்று பாத்தியிலிருந்து 30 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். குழாயில் 0.8 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளை. அந்த அழுத்தத்தில் அதிலிருந்து நிமிடத்துக்கு அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவாக நீர் வெளியேறும். அது நாளுக்கு 600 லீற்றருக்கு மேல். மாதத்துக்கு ஏறத்தாழ 19,000 லீற்றர். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் தோட்டப் பாசனக் குழாயில் ஏறக்குறைய இதே பருமனுள்ள துளைக்கு மாதம் 6,300 கலன், அதாவது சுமார் 24,000 லீற்றர் வீணாகும் என்கிறது. சக்கரம் இதில் ஒரு துளியையும் எண்ணாமலே விட்டிருக்கலாம்.

கொழுந்து மடுவத்துத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்குக் கீழே அசையாத தராசு ஒன்றில் கொழுந்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு எடுத்தால், நாள் முழுக்கப் பறித்தவளுக்கும் கணக்கு பூச்சியம்தான். அதே கொழுந்தைச் சாக்கில் சேர்த்து மாலையில் ஒரே தடவையாகப் போட்டால் அதே மட்டமான தராசு சரியான எடையைச் சொல்லும். கசிவை அளப்பதும் இப்படித்தான். சொட்டுகளைச் சேரவிட்டு அளக்க வேண்டும். இன்னொன்று: எடை போட்டு முடிந்து தட்டு வெறுமையாகத் தொங்கும்போது முள் பூச்சியத்தில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் நாள் முழுக்கக் கழிக்கப்பட்டது எவ்வளவு என்று யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும். நீர் வழங்கல் பொறியியலாளர்கள் அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் குழாய் ஓட்டத்தை அளப்பது இதற்காகத்தான். அந்த நேரத்தில் தண்ணீர் எடுப்பவர் அரிது: தட்டு வெறுமை. ஆனால் இந்தத் தராசில் ஒரு விசித்திரம் உண்டு: மடுவம் வெறிச்சோடிய பிறகுதான் தட்டைக் களவாக அழுத்தும் விரல், அதாவது கசிவு, கனமாகிறது.

அந்த விரல்தான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி. குழாய் 200 மீற்றர் நீளம், உள்விட்டம் 16 மில்லிமீற்றர் என்று கொள்ளுங்கள். பகலில் ஹோஸைத் திறந்து நிமிடத்துக்கு 15 லீற்றர் எடுக்கிறோம். குழாய்ச் சுவரோடு உராய்வதிலேயே ஏறத்தாழ 27 மீற்றர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் தீர்ந்துபோகும். கீழ்முனையில் மிஞ்சுவது 3 மீற்றர்தான். இரவில் ஹோஸை மூடுகிறோம். ஓட்டம் நின்றதும் உராய்வும் நின்றுவிடுகிறது. 30 மீற்றரும் குறையாமல் கீழே வந்து நிற்கிறது. நாம் தூங்கப்போன பிறகு குழாய்க்குள் அழுத்தம் பத்து மடங்கு.

துளை மாறாத வட்டமாக இருந்தால் கசிவு அழுத்தத்தின் வர்க்கமூலப்படி கூடும்: மூன்று மடங்கு சொச்சம். ஆனால் வெயிலில் கிடந்து நீளவாக்கில் வெடித்த பிளாஸ்டிக் குழாயில் இருப்பது துளையல்ல, பிளவு. அழுத்தம் ஏற ஏறப் பிளவின் வாய் விரிகிறது. இதற்கான கணக்கை 1994இல் பிரித்தானியப் பொறியியலாளர் ஜோன் மே முன்வைத்தார். பரப்பே அழுத்தத்தோடு விரியும்போது கசிவு அழுத்தத்தின் ஒன்றரை அடுக்காகக் கூடும். அழுத்தம் பத்து மடங்கானால் கசிவு 30 மடங்குக்கும் மேல். நிஜக் குழாய்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் நிற்கும். பகலில் மூட்டைத் தடவிப் பார்த்து "லேசான ஈரம்தான்" என்று திரும்பிவிடுகிறோமே, அந்த ஈரம் இரவில் பீய்ச்சியடிக்கலாம். காலையில் ஹோஸைத் திறந்ததும் பிளவு மறுபடி சுருங்கிக்கொள்ளும்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி போதும். துளையிலிருந்து பாயும் நீரின் வேகத்துக்கான விதியை இத்தாலியின் டொரிசெல்லி 1644இல் எழுதினார். ஹம்பர்க்கின் வோல்ட்மன் 1790இல் சுழலும் இதழ்களால் ஆற்றோட்டத்தை அளந்தார். காந்தத்தை உணரும் விளைவை எட்வின் ஹோல் 1879இல் கண்டார். விளம்பரம் "புரட்சி" என்று சொல்லும் கருவியில் புதிதாக இருப்பது போனுக்கு வரும் செய்தி மட்டும்.

சில கருவிகள் கசிவைக் கண்டதும் தாமே வால்வை மூடும் என்று பெருமை பேசுகின்றன. மலைக் குழாயில் இது எனக்குக் கவலை தருகிறது. நொடிக்கு ஒரு மீற்றருக்கு மேல் வேகத்தில் இறங்கும் 200 மீற்றர் நீளத் தண்ணீரை ஒரே கணத்தில் நிறுத்தினால், அது அழுத்த அலையாகத் திருப்பி அடிக்கும். நாம் எடுத்துக்கொண்ட குழாயில் ஒரு நொடிக்குள் வால்வு மூடினால் அழுத்தம் கணநேரத்துக்கு இரு மடங்கையும் தாண்டலாம். பழைய டியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டிய மூட்டு அதைத் தாங்காது. கசிவைத் தடுக்க வாங்கிய கருவியே புதிய கசிவை உண்டாக்கிவிடும்.

சரி, வேறு என்ன செய்வது? வீட்டில் தாங்கி இருந்தால் அதுவே நல்ல ஓட்டமானி. 80 சென்ரிமீற்றர் விட்டமுள்ள 500 லீற்றர் தாங்கியில் நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் 5 லீற்றர் போயிருக்கிறது. இரவு படுக்கும்முன் உள்வரும் வால்வை மூடி, பாத்திக் குழாய்களையும் மூடி, மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். எட்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு சென்ரிமீற்றர் இறக்கம் என்றால் நிமிடத்துக்கு 0.01 லீற்றர் கசிவு. சக்கரத்தின் கீழ்வரம்பில் நூறில் ஒரு பங்கை ஒரு சோக்குக் கோடு கண்டுபிடித்துவிடும்.

இது தாங்கிக்குக் கீழே உள்ள குழாயை மட்டும் சோதிக்கும். அழுத்தம் கூடியது ஊற்றிலிருந்து இறங்கும் குழாய். அதற்கு இரண்டு பேர் வேண்டும். கீழே இருப்பவர் வால்வை மெல்ல மெல்ல மூடட்டும். வழியில் யாராவது டீ இணைப்பு (T) போட்டுத் தண்ணீர் எடுத்திருந்தால் அதையும் மூடச் சொல்லுங்கள். மேலே இருப்பவர் 10 லீற்றர் வாளி ஒன்றை நிரப்பி, குழாயின் வாயைக் காற்றுப் புகாமல் ஊற்றுத் தொட்டியிலிருந்து வாளிக்கு மாற்றட்டும். குழாய் நல்லதாக இருந்தால் வாளியில் மட்டம் அசையாது. இறங்கினால் அத்தனையும் கசிவு. அதுவும் இரவுக்குரிய முழு அழுத்தத்தில். நாம் கணக்கிட்ட 0.8 மில்லிமீற்றர் துளை அந்த வாளியை அரை மணி நேரத்துக்குள் காலிசெய்யும். குழாயின் நடுவில் ஒரு வால்வு இருந்தால் அதையும் மூடிப் பாருங்கள். அப்போது மட்டம் நின்றால் கோளாறு கீழ்ப்பாதியில், நிற்காவிட்டால் மேல்பாதியில். 200 மீற்றரும் புதருக்குள் நடந்து தேடவேண்டியதில்லை.

ஊற்றுத் தண்ணீருக்குப் பட்டியல் வருவதில்லை என்பதால் கசிவைப் பொருட்படுத்தாதவர்கள் உண்டு. அவர்கள் சரிவைப் பார்க்கவேண்டும். முன்பு ஊற்றில்லாத இடத்தில் திடீரென நீர் கசிவது மண்சரிவுக்கான எச்சரிக்கைகளில் ஒன்று என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவருகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை மலையகம் மறக்கவில்லை. அங்கே மலையை நெகிழ்த்தியது மழை. ஆனால் லயத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் குழாய்க் கசிவின் ஈரம் இருந்தால், மலை காட்டும் புதிய ஈரத்தை யார் பிரித்தறிவது? நான் கசிவைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்கு லீற்றர் கணக்கைவிட இதுதான் பெரிய காரணம்.

ராகலை வாசகருக்கு: கையில் இருக்கும் பணத்தில் முதலில் குழாயின் நடுவில் ஒரு வால்வு போடுங்கள். அடுத்து மூட்டுகளில் ரப்பரை அகற்றிச் சரியான இணைப்பிகளைப் பொருத்துங்கள். அதற்குப் பிறகும் மானி வேண்டுமென்றால், நகர வீடுகளில் இருக்கும் சாதாரண 15 மில்லிமீற்றர் நீர்மானி ஒன்று போதும். அதன் முகப்பில் இருக்கும் சிறு நட்சத்திரச் சக்கரம், எல்லாவற்றையும் மூடிய பிறகும் சுழல்கிறதா என்று பாருங்கள். போனுக்குச் செய்தி அனுப்பும் கருவியை விற்பவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: மிகக் குறைந்தது எவ்வளவு ஓட்டத்தை இது உணரும்? அந்த எண் விவரத்தாளில் இல்லையென்றால் வாங்கவேண்டாம்.